எண்பத்தொன்று, எண்பத்தொன்று

ஜூன் 4

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக் குழு இன்று கூடியது. பள்ளி மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை, நுழைவுத் தேர்வுக்கு எவ்வளவு? தலைவரான அறுவை மருத்துவர் பாதிக்குப் பாதி என்றார். அறுபதுக்கு நாற்பது என்று வைக்கலாமே, பள்ளி மதிப்பெண் பல ஆண்டு உழைப்பு, நுழைவுத் தேர்வு ஒரு காலைப் பொழுது என்றேன் நான்.

"சார், வயித்தைத் திறந்து வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா யோசிக்க முடியாது. எங்களுக்குக் கிடைக்கிறதே ஒரு காலைப் பொழுதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன்? ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியனைக் கூட்டல் சரிபார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கருத்துச் சொல்ல அல்லவே.

ஜூன் 6

கணக்கைச் சோதிக்க, இல்லாத ஒரு மாணவனைப் பட்டியலில் சேர்த்தேன். பள்ளியில் எண்பத்தொன்று, நுழைவுத் தேர்விலும் எண்பத்தொன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் எடையை எப்படி மாற்றினாலும் மொத்தம் மாறாது. மாறினால் கணினியில் பிழை என்று அர்த்தம். பழைய உத்திதான்.

பெயரும் விலாசமும் இல்லாமல் கணினி ஏற்காது என்றார் எழுத்தர். என்னுடையதையே கொடுத்தேன். எண்பத்தொன்றும் என்னுடையதுதான், பள்ளி இறுதியில் வாங்கியது. கைக்கு வந்த எண்.

ஜூன் 7

மொத்தம் அசையவில்லை. கணக்கு சரி.

ஜூன் 20

முடிவு வெளியாகிவிட்டது. பாதிக்குப் பாதிதான். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்றார்.

"பள்ளிக்கூடத்துல தொண்ணூத்தாறு சார் என் பொண்ணு. நுழைவுல அறுபத்துநாலு. அன்னிக்குக் காய்ச்சலோட போய் எழுதினா. இப்ப காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆளு."

"அப்படின்னா கிடைச்ச மாதிரிதானே?"

"அவளுக்கு முன்னாடி ஒருத்தன் நிக்கிறானே சார். எண்பத்தொண்ணு எடுத்தவன். கடைசி சீட்டு அவனுக்கு."

அவள் மொத்தம் எண்பது. நான் சொன்ன எடையில் எண்பத்து மூன்றைத் தாண்டியிருப்பாள். ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது அல்ல. அந்த எண்பத்தொன்று... அவனை நான் நீக்கினேனா?

ஜூன் 21

நீக்கவில்லை.

ஜூன் 22

யோசித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. இல்லாத ஆள் எப்படி வந்து சேருவான்? சேராதவன் இடம் தானாக அடுத்தவருக்குப் போய்விடும். வாயைத் திறந்து மானத்தைப் போக்கிக்கொள்வானேன்? சும்மா இருப்பதே நல்லது. நல்லதுதானே?

ஜூலை 11

சேர்க்கை இன்றோடு முடிகிறது. எழுத்தரிடம் தொலைபேசியில், கடைசி இடம் காலியா என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

"இல்ல சார், முதல் நாளே வந்து சேர்ந்துட்டார். உங்க பேர்தான் அவருக்கும், கவனிச்சீங்களா?"

ஜூலை 12

யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். சேர்வதற்கு அழைப்புக் கடிதம் வேண்டும். அது என் விலாசத்துக்கு அல்லவா வந்திருக்கும்? மனைவியைக் கேட்டேன்.

"வந்துச்சே. வாசல்ல நின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க? நான் மாடியிலேர்ந்து கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. சட்டையை உள்ள விட்டுக்கிட்டு, பெரிய மாப்பிள்ளை மாதிரி! முடிக்குச் சாயம் அடிச்சிருந்தீங்களே, எப்பக் கழுவினீங்க?"

நான் சாயம் அடித்ததே இல்லை.

ஆகஸ்ட் 3

எதிர்வீட்டுப் பெண் கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த மாதக் கடைசிக்குள் இடம் காலியானால்தான் உண்டு. அடுத்த வருடம் எழுத மாட்டாளாம். "போதும் தாத்தா. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

அவளால் முடிந்தது அவ்வளவு மட்டுமில்லை. சொல்ல வாய் வரவில்லை. கோழை.

ஆகஸ்ட் 17

தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"வாங்க சார், உங்க இல்லாத ஆளைக் காட்டறேன். மூணாவது பெஞ்ச். வாயே திறக்க மாட்டான், ஆனா ஒரு நாள் தவறினதில்ல."

வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டேன். மூன்றாவது பெஞ்சில் ஓரமாக ஓர் இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்திலிருந்த பெண் தன் பையை மடியில் வைத்திருந்தாள், அங்கே வைக்க இடமில்லாதது போல. தலைவர் வருகை எடுத்தார். என் பெயர் வந்தது.

"வந்திருக்கேன் சார்."

தலைவர் நிமிராமலே குறித்துக்கொண்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் உள்ளேயிருந்துதான் வந்தது. அப்படியானால் என் வாய் ஏன் திறந்திருந்தது?

ஆகஸ்ட் 28

எழுத்தரைப் பார்த்தேன். படிக்கும் ஆளை யாரும் நீக்க முடியாதாம். "அவரே எழுதிக் குடுத்தா விலகினதாப் போட்டுடலாம்" என்றார்.

தாளை வாங்கி அங்கேயே எழுதினேன். சொந்தக் காரணங்களால் படிப்பைத் தொடர இயலவில்லை. கீழே என் கையெழுத்து. பொய்யா இது? என் பெயர், என் கை. பொய்யில்லை.

எழுத்தர் கோப்பைத் திறந்து கையெழுத்தை ஒப்பிட்டார். பிறகு அதில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "கொஞ்ச நாள் படிச்சுப் பாத்திருக்கலாமே."

கோப்பை என் பக்கம் திருப்பப் போனார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

எதிர்வீட்டில் காலையிலிருந்தே ஒரே சத்தம். அழைப்பு வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம், யாரோ படிக்க முடியாம விட்டுட்டான் சார்" என்றார் என்னிடம்.

செப்டம்பர் 9

மாலையில் அந்தப் பெண் வெள்ளைக் கோட்டோடு வந்தாள். மனைவி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேலி செய்தாள். "ஊசி போட்டா அழக்கூடாது டாக்டரம்மா, நீங்க!"

போகும்போது என்னிடம் கேட்டாள்.

"தாத்தா, நம்ம தெருவுல முன்னாடி வேற யாராவது மெடிக்கல் சேர்ந்தாங்களா? எனக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்தவரு நம்ம தெருதானாம். பக்கத்துல உக்கார்றவ சொன்னா. ரொம்ப அமைதியாம். கடைசி நாள் யார்கிட்டயும் சொல்லிக்காம, வகுப்புல வச்சிருக்கிற எலும்பையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துட்டுப் போனாராம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரிந்த பையன்தான் என்றேன். நன்றாகப் படித்திருப்பான் என்றும் சொன்னேன்.