எந்தப் பாதி?

கோத்தா திங்கி
3 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

என் கைப்பேசி எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். ஸ்கூடாயில் உன் வாசலில் தொங்கும் தபால் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. அதனால் எழுதுகிறேன். நலம்தானே? வயிற்று வலி குறைந்ததா?

ஷாமளா கல்யாணத்தில் கமலநாதன் மாமா எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "லோடர் செய்ற கம்பெனியில பங்கு வாங்குடான்னு அக்கா சொன்னா, நீ போயி பாதி லோடர் வாங்கியிருக்கியாமே. எந்தப் பாதி? முன்னால அள்ளுற பக்கெட் இருக்கிற பாதியா, பின்னால இஞ்சின் இருக்கிற பாதியா?" மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நாம் இருவரும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் உழைத்துச் சேர்த்த பணம் அது. என் கணக்கில் கிடந்ததால் என்னுடையது ஆகிவிடாது. தெரியும். ஆனால் வண்டி ஓடுகிறது, அக்கா. பழையதுதான். தோட்டத்துச் செம்பனை மர வரிசைக்குள் நுழைந்து திரும்பும் அளவுக்குச் சின்னது. காலையில் பழக்குலை ஏற்றுகிறேன். மதியம், வெள்ளம் விட்டுப்போன சேற்றைக் கால்வாயிலிருந்து அள்ளுகிறேன். மற்றப் பாதிக்குச் சொந்தக்காரர் சுகுமாறன் அண்ணன். ஆட்கள் முன்னால் என்னைப் 'பார்ட்னர்' என்றுதான் கூப்பிடுகிறார்.

தப்பாகப் புரிந்துகொண்டவனை மன்னிக்கக் கூடாதா?

உன் தம்பி,
கவின்


ஸ்கூடாய்
17 மார்ச் 2024

கவின்,

வயிறு நன்றாக இருக்கிறது. எரிவது வேறு இடம்.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்தக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் படித்தவள் நான். லோடர் கம்பெனியைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அப்பா தோட்டத்தில் குலை ஏற்றிய காலத்தில் 'லோடர்' என்பது அவருடைய வேலையின் பெயர். பிறகு அது மெஷினின் பெயராகிவிட்டது. அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'ஆள் பற்றாக்குறை' என்று முதலாளிகள் பத்திரிகையில் அழும்போதெல்லாம் சின்ன லோடர் செய்கிறவனுக்கு விற்பனை ஏறுகிறது. ஆள் எங்கே குறைந்தது? அந்தச் சம்பளத்துக்கு வர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மெஷின் வந்தால் நம்மை வெளியே தள்ளும். தள்ளாவிட்டால் மேலே ஏறி ஓட்டு என்று சொல்லும். ஒரு தடவையாவது அதைச் செய்து விற்கிறவன் பக்கம் நாமும் உட்காரலாம் என்று நினைத்தேன். நீ மறுபடியும் ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாய்.

ஒரே கேள்வி. வண்டிப் பதிவுக் காகிதத்தில் யார் பெயர்?

தேன்மொழி


கோத்தா திங்கி
6 ஏப்ரல் 2024

அக்கா,

கல்யாண வீட்டில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். எனக்குப் புரிந்திருந்தது. பங்கு என்றால் என்னவென்று தெரியாதவனா நான்? கைப்பேசியில் பங்கு விலை வரைபடத்தைக் காட்டிக் காட்டி என் பஸ் தூக்கத்தையே கெடுத்தவள் நீ. முட்டாள் என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுவீர்கள், பேச்சுக் கேட்காதவன் என்றால் விடமாட்டீர்கள். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

உன் பங்கு ஏறினாலும் இறங்கினாலும் நான் உட்காருவது அடுத்தவன் வண்டியில்தான். சிங்கப்பூர் கட்டுமான சைட்டில் சூப்பர்வைசர் ஒரு நாள்கூட என் பெயரைக் கேட்டதில்லை. வண்டி நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். கையால் தொட்டு 'இது என்னுடையது' என்று சொல்ல எனக்கு ஓர் இரும்பு வேண்டியிருந்தது. அது திமிர் என்றால் திமிர்தான்.

காகிதத்தில் சுகுமாறன் அண்ணன் பெயர் மட்டும் இருக்கிறது. பிறகு சேர்க்கலாம் என்றார். திரும்பக் கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும்.

கவின்


ஸ்கூடாய்
15 ஏப்ரல் 2024

கேள். கூச்சம் பார்க்கிற நேரமா இது?

என் சம்பளத்தில் அந்தக் கம்பெனியின் பங்கு கொஞ்சம் வாங்கிவிட்டேன், என் பெயரில். உன் பெயர் காகிதத்தில் ஏறும்வரை எனக்கு எழுதாதே.

தேன்மொழி


கோத்தா திங்கி
9 பிப்ரவரி 2025

அக்கா,

பெயர் ஏறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கேட்டேன். முதல் தடவை சிரித்தார். "பார்ட்னர்னுதானே கூப்பிடுறேன், அது பத்தாதா?" அடுத்த தடவை கேட்பதற்குள் பழைய வண்டியை ஆயர் ஈத்தாம் ஊர்க்காரர் ஒருவருக்கு விலை பேசி முடித்துவிட்டார். தவணையில் புது வண்டி வந்து நிற்கிறது. யார் செய்தது என்று பார்த்தேன். நீ பங்கு வைத்திருக்கும் அதே கம்பெனி. வாழ்த்துகள்.

என் பாதி என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "வண்டி தேஞ்சதுல போச்சு லா. வேணும்னா புதுசை ஓட்டு. நாள் சம்பளம் தர்றேன்" என்றார். போலீசுக்குப் போனேன். காகிதத்தில் யார் பெயர் என்று நீ கேட்டதையே அவர்களும் கேட்டார்கள்.

பழைய வண்டியின் முன்னால் இரண்டு பூட்டு உண்டு. நெம்பினால் பக்கெட் தனியாகக் கழன்றுவிடும். வாங்கியவர் வருவதற்குள் கழற்றிவிட்டேன். அதில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. என் அறையில் வைக்க இடம் இல்லை. என் கூட்டாளி ரூபேந்திரன் தன் கிரேன் லாரியில் உன் வீட்டுக்குக் கொண்டுவருவான்.

மாமா கேட்டால் சொல், முன் பாதி.

கவின்


ஸ்கூடாய்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி,

உன் பாதி வந்து சேர்ந்தது. கேட்டுக்கும் காருக்கும் நடுவில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான் உன் கூட்டாளி. காரை வெளியே எடுக்க முடியாமல் ஒரு வாரமாக நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இது என்ன சிலையா என்று கேட்கிறார்.

நீ கேட்காமல் கேட்டதற்குப் பதில்: பங்கை விற்கமாட்டேன். மனசாட்சிக்காக விற்பதெல்லாம் பணம் இருக்கிறவர்களின் பழக்கம். இந்த வருட அறிக்கை வந்திருக்கிறது. அட்டையில் ஒருவன் லோடரில் உட்கார்ந்து சிரிக்கிறான். வண்டியின் பெயர் போட்டிருக்கிறார்கள், எடை போட்டிருக்கிறார்கள், எவ்வளவு தூக்கும் என்றும் போட்டிருக்கிறார்கள். அவன் பெயரைக் கடைசிப் பக்கம்வரை தேடினேன். இல்லை.

அந்த நாள் சம்பள வேலையை ஒத்துக்கொண்டாயா என்று நீ எழுதவில்லை. ஒத்துக்கொண்டிருந்தாலும் சொல்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்காக அழைக்காதே. பக்கெட்டை எப்போது எடுக்கிறாய் என்று சொல்வதற்கு அழை. அதில் மழைத் தண்ணீர் தேங்கிப் புழு நெளிகிறது. கொசு வளர்க்கிறேன் என்று சுகாதார இலாகா அபராதம் போட்டால் என் தலையில்தான் விடியும். இந்த வாடகை வீட்டுக் காகிதத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

அக்கா