ஓட்டுக்காகச் சொன்ன பேர்

சிலமலை,
ருத்ரோத்காரி வருஷம், கார்த்திகை மாதம் 3

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி மகன் காசிராஜனுக்கு உன் ஆத்தா மருதாயி ஆசையோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கை வேலுத்தாயும் மாடு கன்றும் சுகம். நீயும் மருமகள் மொக்கம்மாளும் பிள்ளைகளும் சுகம் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்தத் தடவை மழை நல்ல மழை, கம்மாய் நிறைந்துவிட்டது, தேவாரம் பக்கம் யானை இறங்கி வாழையைத் தின்றதாம், நம் பக்கம் வரவில்லை. அதெல்லாம் கிடக்கட்டும். உன் ஆத்தா ஓட்டுப் போட்டுவிட்டாளடா! முதலில் அதைக் கேள்.

சீமையில் நம் தேசத்தை ஆளச் செய்த புதுச் சட்டத்தில் பெண்ணுக்கு ஓட்டு இல்லை, ஆனால் அந்தந்த மாகாணத்துச் சபையே தீர்மானம் போட்டுக் கொடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்ததாம். நம் சென்னைச் சபை இரண்டு வருஷத்துக்கு முன்பே கொடுத்துவிட்டது. அதனால் இந்த எலெக்ஷனில் நிலத்தீர்வை கட்டுகிற பெண்களுக்கும் ஓட்டு உண்டு. எனக்குத்தான் என் அப்பா மஞ்சக்காணியாகக் கொடுத்த கம்மாய்க்கரை வயல் என் பேரிலேயே இருக்கிறதே. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நாம் அனுப்புகிற மந்திரிமார் பொறுப்பு, தீர்வையும் போலீசும் கவர்னர் பொறுப்பு என்று இந்தச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. சாவி மாமியார் இடுப்பில், கரண்டி மருமகள் கையில் என்கிற கதைதான். ஆனாலும் கரண்டியாவது வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

பேர் எழுத ஒரு கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்து, புருஷன் பேர் என்ன என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? உன் அப்பா இருந்த காலத்திலேயே ஏங்க, இந்தாங்க என்பதோடு சரி, மலைக்காய்ச்சலில் போய் எட்டு வருஷம் ஆகியும் அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. நம்ம ஜக்கம்மா சாமி இருக்குல்லய்யா, அதுதான் அவுக பேரு, கடைசி மட்டும் ஆம்பளப் பேரா வரும் என்று சாடை சொன்னேன். அந்தப் புண்ணியவான் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். போடிச் சாவடியில் பட்டியலை ஒட்டிய பிறகு விரல் வைத்துப் படித்தால், மருதாயி, புருஷன் ஜக்கம்மாள் என்று இருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் சித்தப்பா ஒச்சப்பன் இருக்கிறானே, அவனுக்கு ஒரே கொண்டாட்டம். மதினிக்குப் பொம்பளப் புருஷனாம், இவகளா கவர்மெண்டு நடத்தப் போறாக என்று சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

திருத்தாவிட்டால் ஆள் வேறு என்று பேரை அடித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் பெரியகுளத்திலிருந்து அதிகாரி போடிக்கு விசாரணைக்கு வந்த அன்று வெரசாக் கிளம்பினேன். பேர் சொல்ல ஆண் துணை வேண்டுமே என்று உன் சித்தப்பாவையே கெஞ்சிக் கூட்டிப் போனேன். புத்தி கெட்டவள் நான். அதிகாரி கேட்டதும் அவன் மீசையைத் தடவிக்கொண்டு வாயே திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர், அந்தம்மா சொல்ல மாட்டாக, வேற யாராச்சும் சொல்லுங்கப்பா என்றார். அதிகாரியோ, ஓட்டு இந்த அம்மாவுக்கு, இவரே சொல்லட்டும், இல்லையென்றால் பேரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன் என்று பேனாவை எடுத்துவிட்டார். உன் அப்பா முகம்தான் கண்ணில் வந்தது. மன்னிச்சுக்கங்க என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, ஜக்கையன் என்றேன். சத்தம் வரவில்லை. என்ன என்று கேட்டார். ஜக்கையன்! எம் புருசன் பேரு ஜக்கையன்! கேட்டுச்சாய்யா, இன்னொருக்கச் சொல்லவா என்று கத்திவிட்டேன். வானம் இடிந்து விழவில்லையடா. நிமிர்ந்து நின்றேன், கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அதிகாரி தன் கையாலேயே திருத்தி எழுதினார்.

ஐப்பசியில் ஓட்டு. வேலுத்தாய் கண்டாங்கிச் சேலை எடுத்துக் கொடுத்தாள். பெண்களை முதலில் விட்டார்கள். ஜக்கையன் மனைவி மருதாயி என்று சேவகன் கூப்பிட்டதும் உள்ளே போய்ப் போட்டேன், உன் சித்தப்பா வெயிலில் காத்துக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும், யாருக்கு மதினி போட்டீக என்று குழைந்தான். கேட்கக் கூடாது, சட்டம் அப்படி என்றேன். நீ கேட்டாலும் அதுதான் பதில். இப்போது தெருவில் மூன்று பெண்கள் அடுத்த பட்டியலில் பேர் சேர்க்க வழி கேட்டு வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி இருளம்மாள், நேற்று என் அடுப்படியில் புருஷன் பேரைச் சொல்லிப் பழகினாள், பாதியில் சிரித்துவிட்டாள்.

நீயும் மருமகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, மொக்கம்மாளைக் கடிந்து பேசாதே. உன் மூத்த பயலுக்கு அப்பா பேரை வைத்தாய், அஞ்சு வருஷமாக நான் அவனைப் பேர் சொல்லி ஒரு கடிதத்தில்கூட விசாரித்ததில்லை. நீயும் மனத்தாங்கல் பட்டிருப்பாய். தை மாதம் கட்டாயம் கூட்டி வா. தெருவில் நின்று, டேய் ஜக்கையா, சோத்துக்கு வாடா என்று ஊரே கேட்கக் கூப்பிட வேண்டும் எனக்கு.

இப்படிக்கு, உன் ஆத்தா,
ஜக்கையன் பெண்சாதி மருதாயி