ஆறு வருஷத்தில் முதல் ஆணி

வாத்தியாருக்கு ஒரு கதை.

கலேவெலயில் ஒரு வாத்தியார் இருந்தார். இடமாற்றம் எப்போது வருமோ என்று பயந்து, வாடகை வீட்டுச் சுவரில் ஆறு வருஷமாக ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. "அடுத்த வீட்டுல மாட்டிக்கலாம் விஜிதா" என்பார். கல்யாண போட்டோ கட்டிலுக்கடியில் கிடந்தது. சுற்றியிருந்த பேப்பரைக் கரப்பான்பூச்சிகள் முக்கால்வாசி படித்துவிட்டன. நேற்று மனைவி சுத்தியலை எடுத்ததும் வாத்தியார் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். இன்று அவர் பள்ளிக்கூடம் போனதும் அவள் அடித்தே விட்டாள். வீட்டுக்கார நோனாவிடம் போன மாதமே அனுமதி வாங்கியிருந்தாள்.

கதை முடிந்தது, இனி வேலை.

சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன், இன்னைக்காவது சாப்பிடுங்க. நாலு மணிக்கு நோனா ஆணியைப் பார்க்க வருவாங்க, தேத்தண்ணி ஊத்திக் குடுங்க. நான் தம்புள்ளைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ஆறு மணி பஸ்ல வந்துடுவேன்.

ஆணி கோணல்தான். நிமிர்த்தப் போகாதீங்க, காரை பேந்துடும்.

மாற்றம் வந்தா போட்டோவை மட்டும் கழட்டிக்கிட்டுப் போவோம், ஆணி இங்கேயே இருக்கட்டும்.

இன்னொண்ணு: போட்டோவுல என் பக்கத்துல ஒருத்தர் வாயெல்லாம் பல்லா சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் திரும்பி வரும்போது அவர் வீட்டுல இருந்தா நல்லா இருக்கும்.