சிரிப்போடு பதிவான பாட்டு

அன்புள்ளவளுக்கு,

உன் முகவரியை நம் மகளிடம்தான் வாங்கினேன். அவள் நடிக்கும் நகைச்சுவை நாடகத்தின் ஜாஸ் பாடல்களை நேற்று ஒலிப்பதிவு செய்தார்கள். பாடும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

மேடையில் அவள் வாயைத் திறந்தாலே அரங்கம் சிரிக்கும். இங்கே சிரிக்க ஆளில்லை. திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு உபசரிக்கும் வீட்டுக்காரியின் பாட்டு உப்புச்சப்பில்லாமல் போனது. "முடியலப்பா" என்று என்னைப் பார்த்தாள். உன்னைப் போல எனக்குத் தைரியம் சொல்ல வராது. உள்ளே போய் அவள் எதிரில் நின்றேன்.

"என்னப் பாத்துப் பாடும்மா. நான்தான் திருடன்."

என் திருட்டு முழியைப் பார்த்து அவள் பாடிய பாட்டில், சாக்ஸபோன்காரர் ஊத முடியாமல் சிரித்துவிட்டார். அவர் மன்னிப்புக் கேட்டதற்கு இயக்குநர், "எதுக்கு சார்? சிரிப்போடவே இருக்கட்டும். இதவிட நல்லா வராது" என்றார்.

இசைத்தட்டின் உறையில் போட அவள் பெயரைக் கேட்டபோது, என் முதலெழுத்தோடு உன்னுடையதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவோடது முதல்ல வரட்டும்மா" என்றேன்.

தட்டு வந்ததும் அனுப்புகிறேன். சத்தமாகப் போட்டுக் கேள். பாடுவது யாரென்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "எம் பொண்ணு" என்று சொல். நானும் தெருவெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இப்படிக்கு,
உன் மகளின் அப்பா