புதிதாக வருகிறவன் பங்கு மட்டும்

இன்று காலை திருச்சானூர் சாலையில் ஷேர் ஆட்டோ நின்றபோது, நனைந்த கான்வாஸ் வாடை முகத்தில் அடித்தது. புதுத் தீயணைப்பு நிலையத்தின் சுவரோரம் தண்ணீர்க் குழாய்களைக் கழுவிக் காயப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். உன் ஜீப்பில், உன் காக்கிச் சட்டையில், ஏன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நீ போட்டுவரும் வெள்ளைச் சட்டையில்கூட இந்த வாடைதான். உன் மனைவி எத்தனை சோப்பு மாற்றினாலும் போகாது.

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. இந்த நிலையம் திறந்ததை நீ பார்க்கவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம்தான், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சித்தூர் மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடித்துக்கொண்ட நாம், தலை நரைக்கும் வயதில் திருப்பதியில் மறுபடி சேர்ந்தோம். நீ தீயணைப்பு அதிகாரி, நான் நகரத் திட்ட அலுவலகத்தில் கணக்குப் போடுகிறவன். ஊரைச் சுற்றிப் புதிது புதிதாக லாட்ஜும் அடுக்குமாடியும் எழும்பின. அவற்றைக் காக்க இன்னொரு நிலையம், வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டும். அந்தச் செலவைப் புதுக் கட்டடங்களின் மேல் பங்கு போட்டு, கட்ட அனுமதி கொடுக்கும்போதே ஒருமுறைக் கட்டணமாக வாங்குவது என்று முடிவானது. பங்கைக் கணக்கிடுவது என் வேலை, விவரம் தருவது உன் வேலை.

உனக்கு அது வெறும் விவரம் இல்லை. திருச்சானூர் பக்கம் தீப்பிடித்தால், உன் வண்டி பக்தர் கூட்டத்தில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் பாதி எரிந்துவிடும். ஒரு துணிக்கடை அப்படித்தான் போனது. அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை.

என் முதல் கணக்கைப் பார்த்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வரைபடத்தில் அறைக்கு இரண்டு கட்டில், ஆகவே இரண்டு பேர் என்று போட்டிருந்தேன்.

“ரூமுக்கு ரெண்டு பேரா? நீ எந்த ஊர்லடா கீறே?”

மறுநாள் விடியற்காலையில் என்னை ஒரு லாட்ஜுக்கு இழுத்துப் போனாய். நடையில் ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் செருப்புக் குவியல். ஒரு கதவில் எண்ணினேன், பதினோரு ஜோடி. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள் குறுக்கே ஓடின. பல் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் எத்தனை பேர் என்று கேட்டாய். “திருவள்ளூர்லேர்ந்து ஒரு வேன் சார். ரெண்டு ரூம்தான் கெடச்சுது, பசங்கல்லாம் கீழ படுத்துக்கினாங்க” என்றார்.

“கட்டில எண்ணாதடா. தூங்கிக்கினு கீறவன எழுப்பி எறக்கறதுக்கு எனக்குத் தலைதான் கணக்கு” என்றாய். ஒரு வாரம் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கித் தலை எண்ணினோம். லாட்ஜ்களின் பங்கு கூடியது, என் உற்சாகமும் கூடியது. அந்த உற்சாகத்தில் ஒரு காரியம் செய்தேன். நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும் உன் பழைய வண்டிக்கு மாற்று வண்டியையும் சத்தமில்லாமல் அந்தக் கணக்கில் ஏற்றினேன். கல்யாணப் பரிசு கொடுப்பதுபோல் தாளை உன்னிடம் நீட்டினேன்.

நீ இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தாய். “இன்னாடா இது? என் வண்டி எப்டி இதுல வந்துச்சு?”

“வாங்கிக்கோயேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“அந்த வண்டி ஓஞ்சப்போ இவங்கள்ல ஒருத்தன்கூட இந்த ஊர்ல இல்ல. அது நம்ப கொற. புதுசா வர்றவன் தலைல ஏன் கட்றே? எடுத்துடு.”

எனக்கு வந்ததே ஆத்திரம். “நீயும் உன் நியாயமும்! போ, போய் வண்டியத் தள்ளு” என்று கத்திவிட்டு வந்தேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை அடித்து நீக்கினேன்.

பிறகு கருத்துக் கேட்கும் கூட்டம். புது லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார், நல்ல கனமான ஆள். “ஏமண்டி, ஒங்க பழைய வண்டி, ரிப்பேரு எல்லாம் எங்க லெக்கல, எங்க கணக்குலதானே கீது?”

நீ எழுந்து நின்றாய். “ஒரு ரூபாகூட இல்ல. நீங்களே பாருங்க.”

அவர் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். அந்த ஒரு வரி மட்டும் இருந்திருந்தால் மொத்தக் கணக்கும் குப்பைக்குப் போயிருக்கும், உன் நிலையமும் அதோடு போயிருக்கும். கடைசியில் தாளை வைத்துவிட்டு, “சரே. எங்க பங்குன்னா கட்றோம்” என்றார். நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. மேசைக்கு அடியில் நீ என் காலை மிதித்தாய், ராஸ்கல்.

அஸ்திவாரம் போட்ட மாதமே உன் நெஞ்சு நின்றுவிட்டது. பழைய வண்டியைக் கடைசி வரை தள்ளித்தான் கிளப்பினாய்.

இப்போது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைப் பக்கம் தொழிலாளர் விடுதிகளுக்கு இதே கணக்கைப் போடுகிறேன். சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று நேரில் போய்த்தான் எண்ணுகிறேன். “பழைய ஏணியையும் இதுலயே சேத்துடலாமே சார்?” என்று போன வாரம் கூட வேலை பார்க்கும் ஓர் அம்மா கேட்டார். கூடாது என்றேன். நான் சொன்ன தோரணை அச்சு அசல் உன்னுடையது.

போன மாதம் அந்தக் கனமான ஆளின் லாட்ஜ் சமையலறையில் தீப்பிடித்தது. எல்லாரும் கீழே இறங்கி முடிப்பதற்குள் புது நிலையத்து வண்டி வந்து நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் கடைத்தெருவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மன பண்டி சார்! கரெக்ட் டைமுக்கு வந்துட்ச்சி!” என்றார். நம்ம வண்டி என்கிறார் அந்த மனுஷன்! அவர் பங்குக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கியிருந்தாலும் அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்குமா?

அன்று அந்தக் கருத்துக் கேட்கும் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாய். வீம்புக்கு டீயில் சர்க்கரை போதவில்லை என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ சொன்னதுதான் சரிடா.