நீல நூல் கட்டிய தேங்காய்

என் பிரியமான ரங்கம்மா அக்காவுக்கு,

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பாவாயி எழுதுகிறேன். உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதை நான் மறக்கவில்லை. இருபது வருஷமாக மத்தியான வேளையில் கிணற்றடியில் உட்கார்ந்து உனக்குப் பேப்பர் படித்துக் காட்டியவள் நான்தானே. இதையும் எழுதி முடித்த பிறகு அங்கேயே உட்கார்ந்து சத்தமாகப் படிக்கப்போகிறேன். தெருப் பெண்கள் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

சேதி இதுதான். உன் மகள் சரசுவைக் கல்யாணத்துக்குப் பிறகு வரும் தலை ஆடிக்குக் கூட்டி வந்துவிட்டேன். நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது கேட்டதைச் செய்துவிட்டேன். ஆனால் ஒழுங்காகச் செய்தேனா என்றால் இல்லை. நடுவில் ஒரு தப்புப் பண்ணினேன். அதையும் உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

அதற்கு முன்னால் தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். அஸ்தம்பட்டி அப்படியேதான் இருக்கிறது. சீமைச் சண்டை இன்னும் முடியவில்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோம். ஏற்காட்டு மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் நாம் இரண்டு பேரும் துணி எடுக்க ஓடுவோமே, இப்போது உன் கொடித் துணியையும் நானே எடுக்கிறேன். உன் வீட்டுக்காரர் மாமாவின் நாலு வேட்டிதான் அதில் காய்கிறது.

உன் மாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. என் பக்கம் விழுந்த பழம் யாருடையது என்று வருஷா வருஷம் சண்டை போடுவோம். இந்த வருஷம் பார்த்து எல்லாம் உன் பக்கமே விழுந்தது, பொறுக்கத்தான் ஆள் இல்லை. நான் பொறுக்கி வந்து பதினெட்டு வீட்டுக்கும் கொடுத்தேன். எனக்கு ஒன்று வைத்துக்கொண்டேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

காலிமனையில் ஆபீஸ் குமாஸ்தாக்கள் சாயங்காலம் பூப்பந்து ஆடுகிறார்கள். பந்து உன் வீட்டு ஓட்டில் விழுந்தால் முன்பெல்லாம் நீ வெளியே வந்து நாலு வார்த்தை கொடுப்பாய். இப்போது யாரும் கேட்பதில்லை. "ரங்கம்மா திட்டாம ஆட்டமே சப்புனு இருக்குது"ன்னு எங்க வீட்டுக்காரர் சொல்கிறார். திட்டு வாங்கினவர்களில் அவரும் ஒருத்தர்.

சரி, சரசு கதைக்கு வருகிறேன். தையில் அவளை ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்தோம். பங்குனியில் நீ போய்விட்டாய். படுத்த அஞ்சாம் நாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பாவாயி, நான் எந்திரிக்க மாட்டேன் போல இருக்குது. என்ற புள்ளையத் தலை ஆடிக்கு நீ கூட்டியாந்துரு. கூப்பிட ஆளில்லாத புள்ளைன்னு யாரும் சொல்லிறக் கூடாது"ன்னு கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "ஆடிக்கு நீயே போய்க் கூட்டிட்டு வருவ, சும்மா படு"ன்னு அதட்டினேன். அப்போதே சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனி பாதியில் மாமாவிடம் பேச்செடுத்தேன். ஜவுளிக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "துக்க ஊடு பாவாயி. வருசம் திரும்பற வரைக்கும் நல்லது பொல்லாது கெடையாது. தாயில்லாத ஊட்டுக்கு என்ன தலை ஆடி?" என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னார். நாலாவது தடவை நான் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மனுஷன் துணியை அளக்கிற மாதிரி துக்கத்தையும் அளந்து வைத்திருக்கிறாரே என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். "அவரு புள்ள, அவரு ஊடு. நாம யாரு கூப்பிடறதுக்கு?" என்றார் அவர். ஆனாலும் ஆனி கடைசி நாள் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் ஒரு தட்டில் கட்டிக்கொண்டு ராசிபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரியடுப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறதே, அந்தப் பஸ். மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள், நான் பூ வாடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போய்ச் சேரும்போது முகமெல்லாம் கரி. சரசு என்னைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகுதான் அழுதாள்.

உன் சம்பந்தியம்மா நல்ல மனுஷிதான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

"நீங்க என்ன முறைங்க?"

"சித்திங்க."

"அவங்கம்மாளுக்குக் கூடப் பொறந்தவங்களா?"

"கூடப் பொறக்கலீங்க. இருவது வருசமா ஒரே கெணத்துத் தண்ணிங்க."

அவர் தட்டை வாங்கி வைத்தார். பிறகு, "கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. புள்ள அப்பன் ஊட்டுப் படி ஏறோணும். பக்கத்து ஊட்டுல இருந்துட்டுத் திரும்பி வந்தான்னா, அப்பனே சேர்க்கலீன்னு நாலு பேரு பேசுவாங்க. அது அவளுக்குத்தான் கேவலம்" என்றார். அதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டுப் பெண்ணைக் கூட்டி வந்தேன்.

மாமா கதவு சாத்தியே இருந்தது. உள்ளே இருக்கிறார் என்று எனக்கும் தெரியும், சரசுவுக்கும் தெரியும். அவள் தட்டவில்லை. "அப்பாவே கூப்பிடட்டும் சித்தி"ன்னு சொல்லிவிட்டு என் வீட்டுக்குள் வந்து மூட்டையை வைத்தாள். உன் பிடிவாதம் எங்கே போகும்?

மறுநாள் ஆடி ஒன்று, தேங்காய் சுடும் பண்டிகை. மற்ற தெருக்களில் அவரவர் வாசலில் தேங்காய் சுடுவார்கள், நம் தெருவில் மட்டும் பிள்ளையார் கோயில் முன்னால் ஒரே தீ. அதுவும் உன்னால் வந்ததுதான். நீ வாழ வந்த வருஷம் மழை பெய்து விறகெல்லாம் நனைந்து போயிற்றாம், இருக்கிற காய்ந்த விறகையெல்லாம் ஓர் இடத்தில் போடுங்கள் என்று புதுப்பெண்ணான நீ சொன்னாயாம். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இது.

காலையில் எழுந்து தேங்காயைத் தரையில் தேய்க்க உட்கார்ந்தேன். நாரெல்லாம் போய் ஓடு வழவழவென்று ஆகும்வரை தேய்ப்பது எப்போதும் என் வேலை. கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, பாசிப்பருப்பும் எள்ளும் அவலும் வெல்லமும் திணிப்பது உன் வேலை. இந்தத் தடவை இரண்டு வேலையும் எனக்குத்தான். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது, மனசெல்லாம் மாமாவின் கதவில் இருந்தது. அழிஞ்சி மரக் குச்சியைச் செருகினேன், மஞ்சள் பூசினேன், எந்த வீட்டுத் தேங்காய் என்ற அடையாளத்துக்குக் கைப்பிடியில் நூலும் கட்டினேன்.

சாயங்காலம் எல்லாரும் தீயைச் சுற்றி உட்கார்ந்தோம். தெருக்கோடி வீட்டு அங்கம்மாளைத் தெரியுமே உனக்கு, தெருவில் எது நடந்தாலும் எண்ணிப் பார்க்கிறவள். அவள்தான் கேட்டாள்.

"ஏனுங்க, நீல நூல் யாரு ஊட்டுது?"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அக்கா. நான் இரண்டு தேங்காய் தேய்த்திருக்கிறேன். இரண்டுக்கும் பூரணம் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு எங்கள் சிவப்பு நூல். இன்னொன்றுக்கு, மாமா கடையிலிருந்து கொண்டு வரும் கரைத்துணியில் நீ உருவி என்னிடம் கொடுத்து வைத்திருந்த நீல நூல். இருபது வருஷமாக இரண்டு தேங்காய் தேய்த்த கை, இந்த வருஷம் ஒன்று போதும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? அதைக் கொண்டுபோய்ச் சரசு கையிலேயே கொடுத்திருக்கிறேன். அவளும் வாங்கித் தீயில் நீட்டிவிட்டாள்.

துக்க வீட்டுத் தேங்காய் பொதுத் தீயில் இருக்கக்கூடாது. அதே சமயம், வெடிக்காத தேங்காயைத் தீயிலிருந்து எடுத்தால் தெருவுக்கு ஆகாது என்பதும் நம் வழக்கம். இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. "தள்ளிப் போயிரு சாமி"ன்னு அங்கம்மாள் சரசுவிடம் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். சரசு குச்சியை விடவில்லை. தள்ளிப் போகாமல் இன்னும் தீக்குள் நீட்டினாள்.

ஊரைக் கூட்டி வைத்து இந்தப் பெண்ணை அவமானப்படுத்திவிட்டேனே, இதற்கு அவள் ராசிபுரத்திலேயே இருந்திருக்கலாமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போது கோயிலுக்கு எதிரில் உன் வீட்டுக் கதவு திறந்தது. மாமா வந்தார். யாரையும் பார்க்கவில்லை, நேராக வந்து சரசு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கை சுட்டுரும். கொஞ்சம் பின்னால தள்ளிப் புடி" என்றார் அவளிடம். பிறகு அங்கம்மாளைப் பார்த்து, "அது எங்க ஊட்டுதுங்க. வெடிக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்பனும் மகளும் ஒரே குச்சியைப் பிடித்துத் திருப்பினார்கள். எங்கள் தேங்காய்க்கு முன்னால் உன்னுடையது வெடித்தது. மாமா பிள்ளையாருக்கு வைத்து உடைத்து முதல் துண்டை அங்கம்மாளுக்குத்தான் கொடுத்தார். அவளும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "வெல்லம் கொஞ்சம் தூக்கல்" என்றாள். அதற்கு நான்தான் பொறுப்பு, உன் கை அளவு எனக்கு வராது.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம்"ன்னு மாமா எழுந்தார். இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, அவள் படி ஏறும்வரை வெளியே நின்றார். நான் மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மறுநாள் தண்ணீர் இறைக்கும்போது சுவரோரம் வந்து நின்றார். "வழக்கம் கிழக்கம் எல்லாம் சும்மா பாவாயி. அவ இல்லாத ஊட்டுல புள்ளைய உக்கார வெச்சு என்ன பேசறது, என்ன ஆக்கிப் போடறதுன்னு எனக்குப் பயம்" என்றார். இந்த மனுஷனையா நான் கல் நெஞ்சுக்காரர் என்று திட்டிக்கொண்டிருந்தேன்? நீ இருந்திருந்தால் அவர் பயப்படுகிறார் என்று அப்போதே சொல்லியிருப்பாய்.

இப்போது ஆடி பதினைந்து நாள் ஆகிவிட்டது. நேற்று மாமா பூக்காரியிடம், "ரெண்டு கெஜம் குண்டுமல்லி குடும்மா" என்று கேட்டிருக்கிறார். அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சரசு அதில் பாதியைக் கிள்ளி எனக்குக் கொடுத்தாள். அவள் தலையை நான்தான் வாருகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் தெருவில் தீரவில்லை. நான் வேண்டுமென்றே நீல நூலைக் கட்டினேன் என்கிறார்கள். எங்க வீட்டுக்காரரே, "எங்கிட்ட மட்டும் சொல்லு, தெரிஞ்சுதான கட்டுன?" என்று தினமும் கேட்கிறார். சரசுவோ, குச்சி கைக்கு வந்ததுமே பார்த்துவிட்டாளாம். "அம்மா நூலைப் பார்த்ததும் விட மனசு வரலீங்க சித்தி" என்றாள். நீயாவது என்னை நம்பு, அக்கா.

பங்குனியோடு உன் வருஷம் முடிகிறது, அப்புறம் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. சரசுவுக்கு எது என்றாலும் ராசிபுரம் போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன், கரி பஸ் நின்றுபோனால் நடந்தாவது போவேன். மீதி நீல நூலை உன் அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்து வந்து என்னிடம் வைத்திருக்கிறேன். இந்த ஆடிக்குத் தெரியாமல் கட்டினேன். அடுத்த ஆடிக்குத் தெரிந்தே கட்டுவேன்.

ஒரே கிணற்றுத் தண்ணீரில் உனக்கு வாய்த்த தங்கச்சி,
பாவாயி