மலையேறிய கார்

மே 9, சனி.

அண்ணனும் நானும் சங்கராபுரத்தில் வாங்கிய பழைய கார் இன்று விலைபோனது. விற்றது என் வாய்.

கல்வராயன் மலைக்கு ஒரு தடவை போய்வரத்தான் அதை வாங்கினோம். லீவு நாளெல்லாம் அடியில் படுத்து கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் மாற்றினோம். செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. “சுயமே இல்ல, இதுக்கு மரியாதை வேற” என்று தள்ளிக்கொண்டே சொல்வேன். அண்ணன் சிரிப்பான். அதற்குள் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதனால் வண்டியை விற்க முடிவு செய்தான்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். அண்ணன் உள்ளே போயிருந்தான். இவரை விரட்டிவிட்டால் கார் தங்கும் என்று நினைத்தேன்.

“இன்னா தம்பி, மலை ஏறுமா வண்டி?”

“அது எப்பவோ மலையேறிடுச்சுங்க” என்றேன், சாவு வீட்டு முகத்தோடு.

அவர் முகம் மலர்ந்தது. “கல்வராயன் மலையே ஏறிடுச்சா? அப்பறம் இன்னா யோசனை, எனக்கே குடுத்துடுங்க.”

அண்ணன் வந்து பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்க, தள்ளிவிட்டதும் ஓட்டிக்கொண்டு போயே விட்டார். நான் அவரிடம் சொன்னதை அண்ணனிடம் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மூஞ்ச ஏன்டா தொங்கப் போட்டுக்கினு இருக்க? நாளைக்கு பஸ்ல போலாம். அதே மலைதான.”

அதே மலைதான். பஸ்ஸிலும் அவன் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் ஏதோ ஒரு வளைவில் “இங்க நிறுத்துண்ணா” என்று நான் சொல்ல வேண்டும். எதற்கென்று கேட்காமல் அவன் நிறுத்த வேண்டும்.